நூற்றைத் தாண்டாத கோடு

இன்று காலை பழைய ரூட்டரைக் கழற்றினேன். அது இருந்த இரும்பு அலமாரியின் கதவைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. ஒரு கீல் விடாமல், ஒரு திருகாணி விடாமல் நீ தடவி வைத்த எண்ணெய். "டேய் பாய், இது மரக்காணம். இங்க காத்துலயே உப்பு இருக்குது. உன் துபாய் ஏசி ரூம்னு நெனச்சியா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பழைய டூத்பிரஷ்ஷை வைத்துத் தேய்ப்பாய். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவேன். இன்று அதே கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யாராவது பார்த்திருந்தால் பாய்க்கு முற்றிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இதை உனக்கு எழுதவேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று அந்த வாசம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

எட்டாம் வகுப்பிலிருந்து நாம் கூட்டாளிகள். உன் வீட்டில் எல்லோருக்கும் உப்பளத்தில் கூலி வேலை, என் வீட்டில் மளிகைக் கடை. நான் துபாய்க்குப் போய் எட்டு வருஷம் பெரிய பெரிய கட்டடங்களில் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது, நீ கேபிள் டிவிக்காரர்களுக்குக் கம்பம் ஏறிக்கொண்டிருந்தாய். அத்தா கடையின் மாடியில் இந்த இன்டர்நெட் சர்வீஸை ஆரம்பித்தோம். வெளியூர்க் கம்பெனி ஒன்றிடமிருந்து ஒரு பெரிய லைன் வாங்கி, அதை வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிற வேலை. உள்வேலை எனக்கு, வெளிவேலை உனக்கு. நான் நாற்காலியை விட்டு எழ மாட்டேன், நீ பைக்கை விட்டு இறங்க மாட்டாய். "நீ மூளை, நான் கால். எவனாச்சும் கேட்டா அப்படித்தான் சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கலாய்ப்பாய். நானும் மடையன், அதை நிஜம் என்று நம்பினேன்.

நூறு எம்பி லைனை முந்நூறாக ஏற்றிய நாள் ஞாபகம் இருக்கிறதா? பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்று நீ அடம்பிடித்தாய். "என் மூஞ்சி ஸ்டாம்ப் சைஸ்ல இருந்தாலும் பரவால்லடா, இருக்கணும்." நான் வைக்கவில்லை. லைன் மட்டும் மாற்றினேன். ரூட்டரைக் கண்காணிக்கிற மானிட்டர் சாஃப்ட்வேரில் பழைய செட்டிங்கை அப்படியே காப்பி பண்ணி ஓட்டிவிட்டேன். ஓடுகிற சாமானில் கை வைப்பானேன் என்கிற சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

சுவரில் நான் மாட்டியிருந்த அந்தத் திரைமேல் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். எந்த நேரத்தில் எவ்வளவு டேட்டா ஓடுகிறது என்று பச்சைக் கோடாகக் காட்டுகிற கிராஃப். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டித்தான் பேசுவேன். லைன் மாற்றி ஒரு மாதத்தில் புகார் வர ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் நெட் நின்று நின்று வருகிறது என்றார்கள். நான் திரையைப் பார்ப்பேன். கோடு சாயங்காலம் ஏறும், நூறுக்குப் பக்கத்தில் போகும், பொத்தென்று கீழே விழும். மறுபடி ஏறும், மறுபடி விழும். ஏழு மணி தாண்டினால் எழுபதில் போய்ப் படுத்துக்கொள்ளும். முந்நூறு தாங்குகிற லைனில் எழுபதுதான் ஓடுகிறது என்றால் நெட் எப்படி ஸ்லோ ஆகும்? "உங்க போன்லதான் ப்ராப்ளம், நம்ம லைன் சுத்தமா இருக்குது" என்று ஊர் பூராவுக்கும் பதில் சொன்னேன்.

லைன் கொடுத்த கம்பெனிக்குப் போன் பண்ணினேன். "நீங்க முந்நூறையும் ஃபுல்லா இழுக்குறீங்க சார், அதான் நிக்குது" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். அவர்கள் முந்நூறு அனுப்புகிறார்கள், என் ரூட்டருக்கு எழுபது வந்து சேருகிறது. நடுவில் மிச்சம் எங்கே போனது? நடுவில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஈசிஆர் டவர் அடியில் நம் இணைப்புப் பெட்டி. அதன் சாவி உன்னிடம் மட்டும்தான் இருந்தது.

அந்த நாட்களில் ஆறு மணிக்குமேல் நீ ஆபீஸில் இருப்பதில்லை. போன் பண்ணினால் "அனுமந்தையில இருக்கேன்டா, வந்துர்றேன்" என்பாய். பக்கத்து ஊரில் உனக்கு என்ன வேலை என்று கேட்டால் "சும்மாதான்" என்பாய். சாயங்காலம்தான் கோடு விழுகிறது, சாயங்காலம்தான் நீ இல்லை. பெட்டிக்குள்ளிருந்து ஏதோ இறால் பண்ணைக்கோ ரிசார்ட்டுக்கோ தனியாக லைன் இழுத்துக் கொடுத்துவிட்டாய் என்று என் புத்தி முடிச்சுப் போட்டது. இருபத்தைந்து வருஷக் கூட்டாளியைவிட ஒரு பச்சைக் கோட்டை நம்பினேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

ஒரு நாள் நீ மாடிக்கு வந்ததும் நேராகக் கேட்டேன்.

"பொட்டி சாவி உன்கிட்ட மட்டும்தான இருக்குது?"

"ஆமா. ஏன்?"

"இல்ல... கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும்."

நீ என் முகத்தைப் பார்த்தாய், சுவரில் இருந்த திரையைப் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது. பைக் சாவி வளையத்திலிருந்து அதைக் கழற்றப் பார்த்தாய். வளையம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. கழற்றி மேஜைமேல் வைத்தாய்.

"வேற ஏதாச்சும் வேணுமா?"

"வேணாம்."

"சரி பாய்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். எட்டாம் வகுப்பிலிருந்து முன்னால் ஒரு 'டேய்' போடாமல் நீ என்னைப் பாய் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே போகிற ஒரு வயர், வெளியே வருகிற ஒரு வயர், மூலையில் ரெண்டு பல்லி முட்டை. அவ்வளவுதான். மனுஷனாக இருந்தால் அங்கேயே உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் சாவி கேட்டதும் நீ முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டாய் என்று தோன்றியது. கோடு அன்று சாயங்காலமும் விழுந்தது. அது ஏன் என்று யோசிக்கக்கூட எனக்குப் புத்தி வரவில்லை.

அதோடு விட்டேனா? பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் யாரோ "என்ன பாய், நெட்டு ரொம்ப மோசமா இருக்குது?" என்று கேட்டார்கள். "நம்ம ஆளே நடுவுல உறிஞ்சுனா நான் என்னங்க பண்றது?" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வார்த்தை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ரெண்டே நாளில் அது அனுமந்தை வரைக்கும் போய்விட்டது. நீ கம்பம் ஏறினால் கீழே நின்று "பாத்து எடுப்பா, எங்களுக்கும் கொஞ்சம் வுடு" என்று சிரித்தார்களாம். இதெல்லாம் பிற்பாடு கேள்விப்பட்டதுதான், நீ ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

வேலையை மட்டும் நீ நிறுத்தவில்லை. போனில் சொல்வேன், போய்ச் செய்வாய், "முடிஞ்சுது" என்று ஒரு மெசேஜ் வரும். சாவி வாங்கிய மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் உன் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் நீட்டு நோட்டு ஒன்று.

"நான் சாவி கேக்க வரல. இதப் பாரு" என்று பிரித்துப் போட்டாய்.

கோழி கிளறிய மாதிரி உன் கையெழுத்து. 'அனுமந்தை, வலை பின்ற அக்கா வீடு, ஏழேகால், சீரியல் நின்னு நின்னு போவுது.' 'ஐஸ் கம்பெனி பக்கத்து வீடு, ஏழரை, குவைத்ல இருக்கற புருஷன் மூஞ்சி தெரியல, குரல் மட்டும்.' 'மசூதித் தெரு, எட்டு, பாப்பாவுக்கு ஆன்லைன் பரீட்சை, பாதில போச்சு, அழுவுது.' ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஸ்பீடு எவ்வளவு என்று குறித்திருந்தாய். ஒன்றரை மாதம். தினமும் சாயங்காலம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். நான் போன்தான் கெட்டுவிட்டது என்று விரட்டிய ஜனங்களின் வீட்டில், அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, அவர்கள் போனையே வாங்கிப் பார்த்திருக்கிறாய். அனுமந்தையில் உனக்கு இருந்த வேலை அதுதான்.

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"வெறுங்கையோட வந்து சொன்னா நீ நம்புவியா? உனக்குக் கோடு வேணும், நம்பர் வேணும். அதான் எழுதிக்கினு வந்தேன்." நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாய். "இப்ப சொல்லு. ஜனங்க கம்மியா யூஸ் பண்ணா நெட்டு வேகமாத்தான வரணும்? உன் கோடு கீழ வுழற நேரமாப் பாத்து எல்லா வீட்லயும் நின்னு போவுது. அது எப்படி?"

"நடுவுல யாரோ..."

"யாரோ இல்லடா. நான்னு சொல்லு."

நீயே மேலே கேட்டாய்.

"அந்த ரூட்டரு எப்படி எண்ணுது?"

சொன்னேன். கடந்து போகிற ஒவ்வொரு பைட்டையும் ரூட்டர் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மானிட்டர் போய் 'இதுவரைக்கும் எவ்வளவு?' என்று கேட்கும். முந்தின தடவை சொன்னதைக் கழித்துக்கொண்டு, அந்த அஞ்சு நிமிஷத்தில் இவ்வளவு ஓடியது என்று கோடு போடும்.

"எதுவரைக்கும் எண்ணும்?"

"எதுவரைக்கும்னா?"

"எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கும்ல? எங்க உப்பு லாரியில மூட்டை ஏத்துறப்போ எண்ற ஆளு நூறு வரைக்கும்தான் எண்ணுவாரு. நூறு ஆச்சுன்னா லாரி பலகையில கரியால ஒரு கோடு. மறுபடி ஒண்ணுலேர்ந்து. பத்தாவது லீவுல நான் அந்த வேலை பாத்தேன். நடுவுல டீ குடிக்கப் போய்ட்டேன். நான் போறப்போ முப்பது. திரும்பி வந்தா மூட்டை தூக்குறவங்களே எண்ணி நாப்பதுன்னு கத்துறாங்க. ஆகா, பத்து மூட்டைதான் ஏறியிருக்குதுன்னு எழுதிட்டேன். கோடு போட ஆளில்லாததால ஒரு நூறு பூரா காணாமப் போச்சு. கூலி போச்சுன்னு தூக்குன பொம்பளைங்க என்ன ஓட ஓட வெரட்டுனாங்க. எங்கம்மாவே வெளக்குமாத்த எடுத்துக்கினு வந்துச்சு."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருக்கிறது, அளவு இருக்கிறது. என் மானிட்டர் கேட்டுக்கொண்டிருந்தது ரூட்டரின் பழைய சின்ன எண்ணியை, அதாவது கவுன்ட்டரை. நானூற்றுச் சொச்சம் கோடி வரை எண்ணிவிட்டு அது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நூறு எம்பி லைனில் ஒரு சுற்று முடிவதற்கே அஞ்சு நிமிஷத்துக்குமேல் ஆகும், அதனால் அந்தக் காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. முந்நூறு எம்பியில், மானிட்டர் அடுத்த தடவை வந்து கேட்பதற்குள் ரெண்டு சுற்று முடிந்துவிடும். டீ குடித்துவிட்டுத் திரும்பிய உன்னை மாதிரி, கடைசியில் கிடைத்த நம்பரைக் கழித்துக்கொண்டு 'கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது' என்று அது கோடு போட்டுவிடும். நூறு சொச்சத்துக்குமேல் அந்தக் கோட்டால் ஏறவே முடியாது. துபாயில் எட்டு வருஷம் இந்த வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். உன்னைச் சந்தேகப்பட்டதில் பாதி நேரம் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

உடனே அஞ்சு நிமிஷத்தை அரை நிமிஷமாகக் குறைத்தேன். மணி ஏழு ஆகப்போகிறது. ரெண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோடு எண்பதுக்கு வந்தது, நூறுக்கு வந்தது. விழவில்லை. நூற்று ஐம்பது, இருநூறு.

"ஏறுதுடா! டேய் பாய், ஏறுதுடா!" என்று மேஜையைத் தட்டினாய். இருநூற்றுத் தொண்ணூறைத் தாண்டி உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது. கம்பெனிக்காரன் சொன்னது நிஜம், ஜனங்கள் சொன்னது நிஜம், உன் நோட்டு நிஜம். லைன் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நடுவில் யாரும் எதையும் எடுக்கவில்லை. அதே ரூட்டரில் பெரிய எண்ணி ஒன்றும் இருக்கிறது, அது ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க எத்தனையோ வருஷம் பிடிக்கும். மானிட்டரை அதைப் பார்த்துக் கேட்கச் சொல்லி மாற்றினேன். ரெண்டே வரி மாற்றம்.

சாவியை எடுத்து உன் முன்னால் வைத்தேன். "மன்னிச்சுக்கடா" என்றேன்.

"பிரியாணி வாங்கிக் குடு, யோசிக்கிறேன்."

"வெளையாடாத. நான் டீக்கடையில வாய் வுட்டுட்டேன். போய் எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன்."

"வேணாம் வுடு. நீ போய் அவன் எடுக்கலன்னு சொன்னா, அப்ப ஏதோ இருந்துச்சா பாய்னு நோண்டுவானுங்க. தானா மறந்துருவாங்க."

நீ பெரிய மனசோடு சொன்னாய். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏன் தெரியுமா? எனக்கு அது வசதியாக இருந்தது. எட்டு வருஷ அனுபவஸ்தன் ஒரு செட்டிங்கைப் பார்க்காமல் கூட்டாளியைத் திருடன் ஆக்கினான் என்று ஊர் முன்னால் நின்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நீ வேண்டாம் என்றதும் அப்பாடா என்று இருந்தது. அதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் லைனை ஐந்நூறாக ஏற்றினோம், நெட் நிற்காமல் வந்தது, நீ மறுபடி 'டேய் பாய்' என்று கூப்பிட ஆரம்பித்தாய். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மானிட்டரில் ஒரு விஷயம் உண்டு. புது எண்ணிக்கு மாற்றினால் அன்றையிலிருந்துதான் கோடு சரியாக வரும். அதற்கு முன்னால் போட்ட கோட்டைத் திருத்த முடியாது, விட்டுப்போன சுற்றுகள் எங்கேயும் பதிவாகவில்லை. அந்த ஒன்றரை மாதம் இன்னும் அப்படியே பொய்யாகத்தான் இருக்கிறது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். நாற்பத்திரண்டு வயசு. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பந்தல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அனுமந்தைக்காரர் ஒருவர், கெட்டவர் இல்லை, உனக்காக அழுத கண்ணோடு பக்கத்து ஆளிடம் சொன்னார்: "தங்கமான ஆளு. அந்த நெட்டு விஷயத்த வுட்டா ஒரு கொற சொல்ல முடியாது." யாரும் மறக்கவில்லைடா. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. சாவு வீட்டில் எதற்கு என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் மகள், பாண்டியில் நர்சிங் படிக்கிறவள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாய் மாமா, ஒண்ணு கேப்பேன். நெஜத்தச் சொல்லணும். அப்பா லைன் திருடுனாரா? அன்னிக்கி ஒருத்தர் பேசுனது என் காதுல வுழுந்துச்சு. அம்மாகிட்ட கேக்க பயமா இருக்குது."

உன் ஜாடை அப்படியே. பதினாறு நாளாக அந்தக் கேள்வியைத் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னேன். கோடு, பெட்டி, சாவி வாங்கியது, டீக்கடையில் சொன்னது, உன் நோட்டு, லாரி மூட்டை, எல்லாம். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் சொன்னேன்.

அவள் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சாவிய நீங்க வாங்கிக்கினீங்களா? அப்பா எங்ககிட்ட அப்படிச் சொல்லலயே. 'பாய் பாவம், எல்லாத்துக்கும் என்னையே எதிர்பாக்குறான். சாவி அவன்கிட்ட இருக்கட்டும்னு நான்தான் குடுத்துட்டு வந்தேன்'னு சொன்னாரு."

நகம் பெயர்ந்த கையோடு அன்றைக்கு வீட்டுக்குப் போய் நீ அதைத்தான் சொல்லியிருக்கிறாய். நான் ஊரில் உன் பேரைக் கெடுத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், என் பேருக்கு உன் வீட்டில் ஒரு கறை படாமல் நீ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். கடைசிவரைக்கும் எனக்கும் சொல்லவில்லை. இதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

இப்போதெல்லாம் புகார் வந்தால் திரையைப் பார்ப்பதற்குமுன் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறேன். அவர்கள் போனை வாங்கிப் பார்க்கிறேன். வந்த வேலை முடிந்ததும், அவர்கள் கேட்காவிட்டாலும், உன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் "பழசு எதுக்கு பாய்" என்கிறார்கள். நான் விடுவதில்லை.

அதில் முதல் தடவை சொன்னது உன் காரியத்துக்கு மறுநாள், அதே டீக்கடையில். காலை நேரம், பெஞ்சு நிறைய ஆள். நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன். "அவன் எதையும் எடுக்கல. தப்பு என் மெஷின்ல இருந்துச்சு, நான்தான் பாக்காம வுட்டேன். இதே எடத்துல நின்னு அவன் மேல அபாண்டமா சொன்னவன் நான்தான்." எல்லோரும் கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

டீ ஆற்றுகிறவர் மட்டும் மெதுவாகக் கேட்டார். "இத அவன் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே பாய்?"

சொல்லியிருக்கலாம்டா.